பெயரை மறைத்தால் ஆள் மறையுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இரண்டு பொடியன்மாரின் காதலைச் சொல்லும் தாய்லாந்துத் தொடர்கள் இருக்கின்றனவே, பி.எல். என்று சொல்வார்கள், அவற்றைப் பார்க்கிற பிள்ளைகள் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நாற்பது பேரளவில். போன மாதம் அதில் ஒரு பிள்ளை, "நாள் முழுக்க வீட்டில் சண்டை. இந்த ரெண்டு பேரையும் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும்" என்று எழுதினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் வாழ்க்கையை நாங்கள் நித்திரைக் குளிசையாகப் பாவிக்கிறோம், நடிக்கிறவர்கள்கூட உண்மையில் அப்படியானவர்கள் இல்லை, எங்கட ஊரில் அப்படி ஒருவன் அடிவாங்கினால் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினேன். அவள் பதில் சொல்லவில்லை. அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து, பெயரைக் கறுப்பால் மறைத்து, என் முகநூலில் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கொமென்டில் அவளைக் கிழித்தார்கள். அவள் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். போன கிழமை ஒரு தோழி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளும் அப்படித்தான், உனக்குத் தெரியாதா?" என்றாள். அவளுக்கு மச்சான் முறையான ஒருவன் அந்தப் படத்தைக் கண்டு, இது யார் எழுதியது என்று வீட்டில் கேட்டானாம். எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை. "நீ அப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன், மன்னித்துக்கொள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவா? நான் சொன்ன கருத்து பிழையா? இனி நான் இதைப் பற்றியெல்லாம் பேசக்கூடாதா?

- பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே தனியாக மூன்று வரி எழுதி அனுப்பினேன். அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள், அந்த மன்னிப்பை அனுப்ப வேண்டாம், உங்களிடம் வந்து சொன்ன தோழி இனி வேறு யாரிடமும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மூன்றையும் செய்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்லது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன். உங்கள் சம்மதத்தோடுதான் கடிதத்தை இங்கே போடுகிறேன். ஊர், வயது, அந்தப் பிள்ளை எழுதிய வசனம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த மன்னிப்பு. மனசார எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது அவளுடைய போனில் போய் விழுகிற நேரத்தை யோசித்துப் பாருங்கள். அவள் உங்களிடம் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோழி சொன்னது உண்மையா பொய்யா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உண்மையாக இருந்தால், இத்தனை வருடம் தான் பொத்திவைத்த ஒன்று ஊருக்குள் நடமாடுகிறது என்று அவளுக்குச் சொல்கிற முதல் ஆள் நீங்களாக இருப்பீர்கள். பொய்யாக இருந்தால், இன்னொரு கதையை அவள் தலையில் கட்டிவிடுவீர்கள். எப்படிப் பார்த்தாலும் "நீ அப்படி" என்று ஒரு வசனம் அவள் போனில் எழுத்தாகக் கிடக்கும். எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் போன் பிள்ளைகளுடையதா? அம்மா எடுப்பார், அண்ணன் எடுப்பான், "சும்மா தா, பார்ப்பம்" என்று மாமி கை நீட்டுவார். அதுவும் மச்சான் முறையானவன் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்ட வீடு அது.

அப்புறம் அந்த இரண்டாவது வசனம். "தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்." இதை நான் பலமுறை வாசித்தேன். அப்படியானால், அவள் நீங்கள் நினைப்பதுபோல் இல்லாத, சாதாரணமாக வீட்டுச் சண்டையில் நித்திரை கெட்ட ஒரு பிள்ளையாக இருந்திருந்தால், அவள் எழுதியதை ஊருக்குக் காட்டியது சரியாகிவிடுமா? அவள் நாற்பது பேரை நம்பிச் சொன்னாள். அவளைக் கேட்காமல் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனீர்கள். எவளுக்குச் செய்திருந்தாலும் அது பிழைதான். மன்னிப்பும் அந்தப் பிழைக்குத்தான் கேட்க வேண்டும். அவள் யார் என்ற கதை அதற்குள் வரவே கூடாது.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் வாசிக்கிற எழுத்துகளில் பல, சட்டம் மாறிவிட்ட நாடுகளிலிருந்து வருகின்றன. இந்தியாவில் 2018 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய பகுதியை 377ஆம் பிரிவிலிருந்து நீக்கியது. நீங்கள் பார்க்கிற தொடர்களின் நாடான தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி கலியாணம் செய்யலாம். எங்கள் நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் நடப்பில் இருக்கிறது. இப்படியான உறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற பிரிவுகள் உள்ளே இருக்கின்றன. 365அ ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995இல் திருத்த உட்கார்ந்தவர்கள் அதை எடுத்துவிடாமல் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடம் வரை சிறை. இதை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. அது பெரிய விஷயம். ஆனாலும் சட்டப் புத்தகத்தில் அந்த வரி இருக்கும் வரைக்கும், ஒரு வீட்டுக்காரர் தன் பிள்ளையை வெருட்ட அது போதும். "பொலிசில் குடுப்பன்" என்ற ஒரு சொல்லில் அடங்கிப்போன பிள்ளைகளை நான் என் ஆலோசனை அறையில் கண்டிருக்கிறேன்.

நீங்கள் "பெயரை மறைத்துத்தான் போட்டேன்" என்கிறீர்கள். எங்கள் ஊரில் பெயரை மறைத்தால் ஆள் மறைவதில்லை, தங்கச்சி. இதை நான் ஒருவருக்குக் கேடு செய்துதான் படித்தேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், தன்பாலீர்ப்பு உள்ள ஓர் இளைஞர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் தேத்தண்ணி நேரம், கூட வேலை செய்தவர்களோடு பேசும்போது, எப்படி உதவுவது என்று கேட்கிற நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேன், என்ன வேலை என்று சொன்னேன். இரண்டே விவரம். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆ, அவரா?" என்றார். அந்த இளைஞர் அடுத்த கிழமை வரவில்லை. பிறகு வரவேயில்லை. படுவான்கரை என்றும் எழுவான்கரை என்றும் வாவியின் இரண்டு பக்கமும் சொந்தம் கலந்து கிடக்கிற மண் இது. ஒருவர் எழுதுகிற விதம், அவர் போடுகிற ஒரு பொம்மைக் குறி, "வீட்டில் சண்டை" என்ற செய்தி, இவையே போதும். அதனால்தான் உங்கள் கடிதத்தில் அவளுடைய வசனத்தை மாற்றும்போது, அர்த்தத்தைத் தவிர ஒரு சொல்லைக்கூட அப்படியே வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் நோகும், ஆனாலும் சொல்கிறேன். நான் சிறுபிள்ளையாக இருந்த யுத்த காலத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும். ஆட்களை மைதானத்தில் வரிசையாக இருத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் இருப்பார். தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக நடக்க, அவர் தலை ஆடினால் ஆடினதுதான். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு வீடு திரும்பாதவர்களின் அம்மாமார் இன்றைக்கும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். உங்களை நான் அந்தத் தலையாட்டியோடு சேர்க்கவில்லை. உங்கள் மனசில் இருந்தது நியாயம். ஆனால் ஒருவரைச் சுட்டிக்காட்டினால் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு விலைகொடுத்துப் படித்த ஊர்க்காரர் நாங்கள். எங்கள் கையில் ஒரு போன் இருக்கும்போது அது எங்களுக்கு ஞாபகம் வர வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

சரி, உங்கள் கருத்துக்கு வருவோம். அதில் பாதிக்கு மேல் நானும் உங்கள் பக்கம்தான்.

திரையில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது சின்ன விஷயம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஒன்பதாம் தரத்துப் பொடியன் ஒருவனை அவனுடைய அம்மா என்னிடம் கூட்டி வந்தார். சிறுநீரில் அடிக்கடி கிருமித் தொற்று, வைத்தியர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், பிள்ளை குடிக்கிறான் இல்லை என்று. தனியாக இருத்திப் பேசியபோதுதான் தெரிந்தது, அவன் பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் போவதே இல்லை. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால் பின்னேரம் வரை ஒரு மிடறு தண்ணீர் இல்லை. அவன் கொஞ்சம் மென்மையாக நடப்பான், கையை ஆட்டிப் பேசுவான். ஒரு சினிமா நகைச்சுவைக் காட்சியின் வசனத்தை வெட்டி எடுத்து டிக்டொக்கில் எல்லாரும் வாயசைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மலசலகூட வாசலில் நாலு பேர் நின்று அந்த வசனத்தைச் சொல்வார்கள். கொட்டகையில் சிரிப்புக்கு என்று எழுதிய ஒரு வரி, ஏறாவூரையும் காத்தான்குடியையும் தாண்டி வந்து, ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலில் நிற்கிறது. எனவே நீங்கள் கோபப்பட்டது வீணான கோபம் இல்லை.

ஆனால் அந்தக் கோபத்தை யாரில் கொட்டினீர்கள் என்று பாருங்கள்.

பெண்பிள்ளைகள் இரண்டு ஆண்களின் காதல் கதையை ஏன் ரசிக்கிறார்கள் என்ற சண்டை உங்கள் குரூப்பில் தொடங்கவில்லை. இந்தக் கதை வகையே 1970களில் ஜப்பானில் பெண் சித்திரக்கதைக் கலைஞர்கள் பெண்பிள்ளைகளுக்காக வரைந்ததிலிருந்து வந்தது. 1992இல் அங்கே ஒரு சிறிய பெண்நிலைவாத இதழில், தன்பாலீர்ப்பு உள்ள ஓர் ஆண், நீங்கள் எழுதியது போலவே, உங்களைவிடக் கடுமையாகவும், எங்கள் வாழ்க்கையை உங்கள் பொழுதுபோக்காக்காதீர்கள் என்று எழுதினார். அந்த வாதம் பல வருடம் ஓடியது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பெண்கள் அதற்குச் சொன்ன பதில்கள். பெண்ணாக இருப்பதன் பாரம் இல்லாமல் காதலை நினைத்துப் பார்க்க எங்களுக்கு வேறு இடம் இல்லை என்றார்கள். அவரும் பிழையாகச் சொல்லவில்லை. அவர்களும் பொய் சொல்லவில்லை.

இதை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தவுடன் வீட்டுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற வழக்கம் எங்களுடையது, அதனால் வீடு பெண்ணுக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்ட அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ போகிறார், இல்லை அக்கா போகிறார். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்கள் எத்தனை வளவுகளில் பாசி பிடித்துக் கிடக்கின்றன. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வளர்கிற பிள்ளைக்குக் காதல் என்ற சொல்லோடு சீமெந்தும் கூரைத்தகடும் சேர்ந்துதான் வரும். அப்படி ஒரு பிள்ளை இரவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சீதன வீடு இல்லாத, பெண்பார்க்க யாரும் வராத, நிறத்தையும் உயரத்தையும் அளக்காத ஒரு காதலைப் பார்க்கிறாள். அவளுக்கு அதில் நித்திரை வருகிறது. அவளோடு நான் கோபிக்க மாட்டேன். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று அவளோடு இருந்து பேசத்தான் எனக்கு ஆசை. பேசினால், திரையில் அந்த இரண்டு பேரையும் நேசிக்கிற அதே பிள்ளை, பஸ்ஸில் ஒரு திருநங்கை ஏறினால் ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்ற இடத்துக்கும் வரலாம். உங்களுக்கு அப்படிப் பேசுகிற வாய்ப்பு கையில் இருந்தது. அவள் உங்கள் குரூப்பில்தான் இருந்தாள்.

நடிக்கிறவர்கள் உண்மையில் அப்படியானவர்கள் இல்லை என்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இதில் என் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. என் பெரிய மாமா வடமோடிக் கூத்தில் திரௌபதை ஆடுவார். வயலில் உழுது காய்ச்ச கை. ஆட்டத்தன்று பின்னேரம் மீசையை வழிப்பார். மாமிதான் சேலை கட்டிவிடுவார், பின்குத்தி ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு. ஆடுகளமான களரிக்குள் மாமா வந்து, சல்லாரித் தாளம் ஒலிக்க முதல் அடி வைத்தால், அதற்குப் பிறகு அங்கே மாமா இல்லை. துகிலுரியும் இடத்தில் வட்டமாக இருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையால் முகத்தைத் துடைப்பார்கள். ஒருவரும் சிரித்ததில்லை. அடுத்த நாள் தெருவில் சிறுவர்கள் அவரைத் திரௌபதை மாமா என்று கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்து, "என்னடா?" என்பார். ஆகவே, ஒருவர் இன்னொருவராக ஆடுவதே குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்கு அந்தக் கூத்துப் பாட்டு முழுவதும் மனப்பாடம். அடுப்படியில் பாடிக்கொண்டே இருப்பார். அவருக்குக் களரி இல்லை. பெண்கள் ஆடக்கூடாது என்றிருந்த காலம். மாமா நன்றாக ஆடினார் என்பதும் அம்மாவுக்கு இடம் இல்லை என்பதும் ஒரே இரவில் ஒரே களரியில் நடந்தவை.

தமிழ் சினிமாவில் 2019இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குப் பிறகு இந்தியத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாத்திரத்தைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் உண்டு. எங்களை ஏன் நடிக்கக் கூப்பிடவில்லை, எங்களைப் பற்றி அதில் ஏன் இழிவான ஒரு காட்சி என்று கேட்ட திருநங்கையரும் உண்டு. அவர்கள் கேட்டது அம்மா கேட்க முடியாமல் போன கேள்வி. அதைக் கேட்கத்தான் வேண்டும். படம் எடுத்தவர்களிடம், பணம் போட்டவர்களிடம், நடிகரிடம் கேட்க வேண்டும். படத்தைப் பார்த்து அழுத ஒரு பிள்ளையிடம் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? குறையுள்ள ஒரு படத்தில்கூட, "என்னைப் போல ஒருவர்" என்று முதல்முறை கண்டு அழுதவர்கள் என் முன்னால் இருந்திருக்கிறார்கள். படம் பிழை என்று அவர்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. கடதாசிக் கைக்குட்டையை நீட்டினேன்.

இந்த ரசிகர் சண்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொம்புமுறி ஞாபகம் வரும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இப்போது எப்போதாவதுதான் நடக்கிறது. கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டாகப் பிரியும், வடசேரி, தென்சேரி என்று. கண்ணகிக்கு ஒரு பக்கம், கோவலனுக்கு ஒரு பக்கம். கொம்புகளைக் கொளுவி வடம் கட்டி இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும் வரை இழுவை. அப்போது பாடுகிற வசைப்பாட்டை வீட்டில் திருப்பிச் சொல்ல முடியாது, அவ்வளவு ஏச்சு. கலியாணம் செய்த வீடுகளே இரண்டு பக்கமும் நின்று ஏசிக்கொள்ளும். இதுவும் ரசிகர் சண்டைதான். என்ன, அதற்கு ஒரு நாள் உண்டு, ஓர் எல்லை உண்டு. முகத்துக்கு முகம் ஏசுவார்கள், ஏச்சு வாங்கினவர் அடுத்த நாள் பக்கத்து வயலில் நிற்பார். வைகாசியில் கோயிலில் குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தை ஆற்றுவார்கள். முகநூலில் ஏச்சு இருக்கிறது, குளிர்த்தி இல்லை. உங்கள் பதிவுக்குக் கீழே எழுதினவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் அடுத்த நாள் வேறொரு சண்டைக்குப் போய்விட்டார்கள். அவள்தான் அதே வீட்டில், அதே மச்சானின் கேள்வியோடு இருக்கிறாள்.

இனி நான் பேசக்கூடாதா என்று கேட்கிறீர்கள். பேசுங்கள். வெட்கத்தில் வாயை மூடிவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும். உங்களைப் போல் வாசிக்கிற, கோபம் வருகிற பிள்ளைகள் இங்கே குறைவு. கல்முனை பஸ்ஸில் பின் இருக்கைக்காரன் ஒருவரைப் பார்த்து "ஒன்பது" என்று சொன்னால், திரும்பிப் பார்த்து, "என்ன சொன்னீங்க?" என்று கேளுங்கள். உங்கள் சித்தப்பா தொலைக்காட்சி முன்னால் சிரித்தால், ஏன் சிரிக்கிறீங்கள் என்று கேளுங்கள். வகுப்பில் விரிவுரையாளர் 'நோய்' என்று சொன்னால், உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று எழுந்து சொல்லுங்கள். திருநர் ஒருவர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுத் தன் பிறப்புச் சான்றிதழைத் திருத்த 2016இலிருந்து சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழி வைத்திருக்கிறது. அது எங்கள் பிரதேச செயலகங்களுக்குப் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத் தமிழில் விளங்குகிற மாதிரி எழுதிப் போடுங்கள், நானும் பகிர்கிறேன். இதில் எல்லாம் யாராவது கோபித்தால் அது உங்கள் மேல் விழும். உங்களால் தாங்க முடிந்ததைத் தாங்கலாம். முடியாத அன்றைக்குப் பேசாமலும் இருக்கலாம். அந்தப் பதிவில் விழுந்தது இன்னொருத்தியின் மேல்.

அந்தத் தோழியைப் பற்றி ஒன்று. அவளும் கெட்டவள் இல்லை, உங்களைத் திருத்த நினைத்துச் சொன்னாள். ஆனால் அவள் வாயில் அந்தச் செய்தி மறுபடி வந்தால், "எனக்கு அது தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். மச்சான்காரன் உங்களிடமே வந்து கேட்டால், யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன் என்று சொல்லுங்கள். "தெரியாது" என்று பொய் சொல்லப் போனால் அடுத்த கேள்வி வரும். "அவள் அப்படியானவள் இல்லை" என்று காப்பாற்றப் போகவும் வேண்டாம். அது ஒரு பேச்சைத் தொடக்கிவிடும்.

இரண்டு நாளாக நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் அப்படியே இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், இல்லை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். குற்ற உணர்வுக்கும் ஆள் வேண்டும்.

இனி, அந்த மன்னிப்பு. இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், உங்கள் பேச்சுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"நீ குரூப்பில் எழுதினதை உன்னைக் கேட்காமல் நான் வெளியில் போட்டது பெரிய பிழை. எடுத்துவிட்டேன். பகிர்ந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களிடமும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நித்திரை வராத ஒரு நாளில் நீ எழுதின ஒன்றுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பதில் எழுத வேண்டும் என்று இல்லை."

இவ்வளவுதான். "நீ அப்படி" இல்லை, "எனக்குத் தெரியும்" இல்லை, "எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்றும் வேண்டாம். யார் வாங்கி வாசித்தாலும் இரண்டு பிள்ளைகளின் சண்டை என்று மட்டும் தெரிய வேண்டும். பகலில் அனுப்புங்கள், இரவில் வேண்டாம், இரவில் வருகிற செய்தியை வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்கள். நீலக் குறி விழுந்தும் பதில் வராமல் போகலாம். இரண்டாம் முறை எழுத வேண்டாம். என்றைக்காவது குரூப்பில் அவள் பெயர் மறுபடி தெரிந்தால், வந்துவிட்டாயா என்றோ மன்னித்துவிட்டாயா என்றோ கேட்காதீர்கள். அந்தக் கிழமைத் தொடரில் என்ன நடந்தது என்று பேசத் தொடங்குங்கள்.